தண்ணீர் நிற்காத ஜாடி

நம் வீடுகளில் பூவுக்கு இரண்டே இடங்கள்தான். ஒன்று சுவாமி படம். மற்றொன்று பெண்களின் கூந்தல். மூன்றாவதாக, பூவை ஒரு ஜாடியில் செருகி மேஜை மேல் வைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்து ரசிப்பது என்பது நம் பாட்டிமார் அறியாத சமாசாரம். ஆகவே, 'பூ ஜாடி செய்வதைப் பற்றிச் சொல்லப் போகிறேன்' என்றதும் நீங்கள் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடக் கூடும். சற்றுப் பொறுங்கள். சென்ற வாரம் விட்ட இடத்தில் கதாநாயகி பத்திரமாகத்தான் இருப்பாள்.

நான் சொல்லப் போகும் ஜாடிக்கு ஒரு விசேஷம் உண்டு. அதில் தண்ணீர் நிற்காது!

'ஏர் டிரை கிளே' என்று இப்போது கடைகளில் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். காற்றிலேயே உலர்ந்து இறுகும் களிமண். சூளை வேண்டாம், குயவர் சக்கரமும் வேண்டாம். பெயர்தான் புதிது; விஷயம் நமக்குப் பழையது. விநாயக சதுர்த்திக்கு வாங்கி வருகிறோமே களிமண் பிள்ளையார், அவரும் சூளையைக் காணாதவர்தாம். அதனால்தான் கிணற்றில் விட்டதும் கரைந்து போகிறார். மண்பானை அப்படிக் கரைவதில்லை. சூளையில் சுமார் 600 டிகிரி சென்டிகிரேடு சூடு ஏறும்போது, மண்ணின் உடம்போடு உடம்பாகக் கலந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதன் பிறகு எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் பானை பழைய களிமண்ணாக மாறாது. காற்றில் உலர்ந்த மண்ணோ, தண்ணீரைக் கண்டதும் பழைய சிநேகிதனைக் கண்டாற்போல் இளகிவிடும்.

இந்த மண் எங்கள் வீட்டுக்குள் வந்தது அலங்காரத்துக்காக அல்ல. என் தகப்பனாருக்காக.

அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைபடக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நேர்கோடு போடுவதே அவருக்குத் தொழில். இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு நாள் காலை, காப்பி டம்ளரைப் பிடித்திருந்த அவர் வலக்கை திடீரென்று சோர்ந்து விட்டது. பக்கவாதத்தின் லேசான அடி என்றார் டாக்டர். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனதால் காலும் பேச்சும் தப்பின. கை மட்டும் மந்தமாகவே நின்றது. பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு ரப்பர்ப் பந்தைக் கொடுத்து, தினமும் நூறு தடவை அழுத்தச் சொன்னார். நாலாம் நாள் பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. "இன்றைக்குப் பிசைந்தாலும் பந்து, நாளைக்குப் பிசைந்தாலும் பந்து. இதில் என்னம்மா இருக்கிறது?" என்றார் அப்பா.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று அவர் மனத்தில் இருந்தது. பணம் எடுக்கப் போன இடத்தில், கையெழுத்து ஒத்துப் போகவில்லை என்று மை தடவிக் கைநாட்டு வைக்கச் சொல்லிவிட்டார்கள். விதியை அனுசரித்துத்தான் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த அப்பா அந்தக் கட்டை விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு பேனாவைத் தொடவில்லை.

பந்துக்குப் பதில் களிமண்ணைப் பிசையட்டுமே என்று சொன்னவர் அந்தப் பயிற்சிக்காரர்தான். அரைக் கிலோ வாங்கி வந்து, பழைய சப்பாத்திப் பலகையுடன் அப்பாவின் முன்னால் வைத்தேன்.

செய்முறை ஒன்றும் பிரமாதமில்லை. மண்ணை நன்றாகப் பிசைந்து, கால் அங்குல கனத்தில் ஒரு வட்டம் தட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் அடிப்பாகம். மிச்ச மண்ணை முறுக்குக்கு உருட்டுவது போல், ஆனால் சுண்டுவிரல் பருமனுக்கு, திரி திரியாக உருட்ட வேண்டும். வட்டத்தின் ஓரத்தை முள்கரண்டியால் கீறி, தண்ணீரில் குழைத்த மண்ணை அதன் மேல் தடவி, திரியைச் சுற்றி வைக்க வேண்டும். உட்புறம் கட்டை விரலால் மேலிருந்து கீழே இழுத்து இழுத்துப் பூசினால் இரண்டும் ஒன்றாகும். இந்தக் கீறலையும் குழம்பையும் சோம்பலினால் விட்டுவிடுகிறவர்களின் ஜாடி, உலர்ந்த பின் வளையல் அடுக்கு மாதிரி தனித்தனியாகக் கழன்று வரும்.

திரியைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்தால் வயிறு பெருக்கும். உள்ளே தள்ளி வைத்தால் கழுத்துக் குறுகும். நாலு திரிக்கு மேல் ஒரே மூச்சில் ஏற்றக் கூடாது. தன் பாரம் தாங்காமல் பொத்தென்று உட்கார்ந்துவிடும். ஈரத் துணியால் விளிம்பை மட்டும் மூடிவிட்டு, கீழ்ப்பாகம் இறுகும் வரை காத்திருக்க வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்தில் ஐயனார் கோயில்களில் ஆளைவிட உயரமான மண்குதிரைகள் நிற்கின்றனவே, பார்த்திருக்கிறீர்களா? அவற்றையும் இப்படித்தான், உள்ளே கூடாக விட்டு, ஒரு பகுதி இறுகியபின் அடுத்த பகுதியாகக் கையாலேயே எழுப்புகிறார்கள். மண் வெடிக்காமலிருக்க உமி கலப்பார்கள். நம் பொட்டல மண் சிலவற்றில் காகித நாரைக் கலக்கிறார்களே, அது ஏறக்குறைய உமியின் வேலையைத்தான் செய்கிறது.

இதையெல்லாம் சுலபமாக எழுதிவிட்டேன். அப்பாவுக்கு முதல் திரி உருட்ட அரை மணி நேரம் பிடித்தது. ஒரு முனை கயிறு, மறு முனை கொழுக்கட்டை! ஸ்கேலை வைத்து அளந்து பார்த்து, மறுபடி பிசைந்து, மறுபடி உருட்டினார். நான் உதவிக்குக் கை நீட்டியபோது, "நீ போய் உன் வேலையைப் பார்" என்றார். அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

ஜாடி எழும்ப ஒன்பது நாட்களாயின. இடப் பக்கம் சற்றுச் சரிவு. வயிற்றைச் சுற்றி விரல் பதிந்த குழிகள். ஈரக் கையால் தடவி அவற்றை வழவழப்பாக்கிவிடலாம்தான். ஆனால் கடையில் கிடைக்கும் ஜாடிகளெல்லாம் வழவழப்பானவையே. குழிகள் இருக்கட்டும் என்பது என் கட்சி. அப்பாவும் ஏனோ மறுக்கவில்லை. மண் பாதி இறுகியிருந்தபோது ஜாடியைக் கவிழ்த்து, ஒரு தீக்குச்சியால் அடியில் ஏதோ கீறினார். எட்டிப் பார்த்தேன். கையெழுத்து! கோணலும் மாணலுமாக, ஆனால் முழுக் கையெழுத்து.

உலர்த்துவதில்தான் பொறுமை வேண்டும். நீர் வெளியேற வெளியேற மண் சுருங்கும். வெயிலிலோ மின்விசிறிக்கு அடியிலோ வைத்தால் மெல்லிய விளிம்பு முந்திக்கொண்டு சுருங்கி, தடித்த அடிப்பாகத்தோடு சண்டை போட்டு வெடிக்கும். நிழலில், அவ்வப்போது திருப்பி வைத்து, இரண்டு மூன்று நாட்கள். மழைக் காலமானால் இன்னும் அதிகம். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் பாக்கி. நன்றாக உலர்ந்தபின் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெளிப்புறம் மட்டும் அக்ரிலிக் சாயத்தில் செங்காவி பூசினோம். அதில் காய்ந்த நாணற்பூக் கொத்து ஒன்றைச் செருகிக் கூடத்தில் வைத்தேன்.

திருச்சியிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். தம்பி செய்த ஜாடியைப் பார்த்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இவ்வளவு அழகான ஜாடியில் காய்ந்த புல்லா?" என்று, நான் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, சம்பங்கித் தண்டுகள் வாங்கி வந்து, ஜாடி நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டாள். மறுநாள் காலை அத்தை ஜாடியைத் தூக்கினாள். ஜாடி வந்தது. அடிப்பாகம் வரவில்லை. மேஜை மேல் ஒரு வட்டச் சேறு. அதில் கையெழுத்தின் ஒரு சுழிகூட மிஞ்சவில்லை.

"ஐயோ தம்பி, என்ன காரியம் செய்துவிட்டேன்!" என்று அத்தை கண் கலங்கிவிட்டாள்.

அப்பா குனிந்து அந்தச் சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். "கையெழுத்துதானே, அக்கா? மறுபடி போட்டால் போகிறது" என்றார்.

மண்தான் அவர் கையைக் குணப்படுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். மருந்துக்கும், பயிற்சிக்கும், கடந்து போன மாதங்களுக்கும் அதில் எவ்வளவு பங்கு என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? ஆனால் அன்று மத்தியானம் அவர் பேனாவைக் கேட்டு வாங்கி, காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பதினேழு தடவை கையெழுத்துப் போட்டார். நான் எண்ணினேன்.

சாயம் பட்ட துண்டுகளைத் தள்ளிவிட்டு, மற்றதை உடைத்து வாளியில் ஊறப் போட்டோம். மறுநாள் குழைந்துவிட்டது. துணியில் பரப்பி நீரை வடித்து, புதுப் பொட்டலம் ஒன்றையும் சேர்த்துப் பிசைந்தாயிற்று. அத்தைக்கு நிஜப் பூதான் வேண்டுமாம். ஆகவே உள்ளே ஒரு கண்ணாடிச் சீசாவை இறக்கித் தண்ணீரை அதில் விடுவதாக ஏற்பாடு. சீசாவை ஒட்டி மண்ணை எழுப்பினால், சுருங்கும்போது கண்ணாடி இடம் கொடுக்காமல் ஜாடி வெடித்துவிடும். சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். சீசாவைக் கழுவ வெளியே எடுக்க, வாயும் அகலமாக இருக்க வேண்டும்.

இன்று ஏழாவது திரி ஏறியிருக்கிறது. எவ்வளவு இடைவெளி என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் இன்னும் வாதம் தீரவில்லை. சீசாவைச் சுற்றி அளக்க நூல் வேண்டுமென்று அப்பா கூப்பிடுகிறார்.