ஈயச் சொம்புல ரசம் வைக்கலாமா? – ஒரு சின்ன இழை

1/ "டாக்டர், பாட்டியோட ஈயச் சொம்பு இருக்கு. அதுல ரசம் வைக்கலாமா?" நாகூர்ல என்கிட்ட வர்றவங்க எழுந்து போகும்போது கேட்கிற கேள்வி இது. எல்லாருக்கும் சேர்த்து எழுதிடறேன்.

2/ முதல்ல பெயர்க் குழப்பம். ஈயம்னு நாம சொல்றது ரெண்டு உலோகத்தை. வெள்ளீயம்னா டின். காரீயம்னா லெட். சொம்பு வெள்ளீயத்தில்தான் இருக்கணும்; அதில் பெரிய கெடுதல் இல்லை. காரீயம் நஞ்சு. ஆனா விலை மலிவு, அதனால கலப்படம்.

3/ மலேயா, சிங்கப்பூர் போய்வந்த குடும்பங்களோட அலமாரியில பியூட்டர் குவளை பார்த்திருப்பீங்க. அதுவும் வெள்ளீயக் கலவைதான். இப்போ ஆன்டிமனியும் செம்பும் சேர்க்கிறாங்க. பழசுல பல நேரம் காரீயம் சேர்த்திருப்பாங்க. அழகுக்கு வையுங்க, அதுல எலுமிச்சை ஜூஸ் வேண்டாம்.

4/ ரசம்னா புளி, தக்காளி, சூடு. அமிலமும் சூடும் சேர்ந்தா காரீயம் கரைஞ்சு இறங்கும். ருசியில தெரியாது.

5/ என் கவலை குழந்தைங்கதான். நாம முதல்ல ஊட்டறதே ரசம் சாதம். உள்ளே போகிற காரீயத்தைப் பெரியவங்களைவிடக் குழந்தை உடம்பு 4-5 மடங்கு அதிகமா உறிஞ்சும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எலும்புல தங்கி, கர்ப்ப காலத்துல ரத்தத்துக்குத் திரும்பி, வயித்துல இருக்கிற சிசுவுக்கும் போகும். இவ்வளவு வரை பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

6/ வெள்ளைத்தாள்ல தேய்ச்சு கறுப்புக் கோடு விழுந்தா காரீயம் நிறைய இருக்குன்னு சந்தேகப்படலாம். கோடு விழலைன்னா சுத்தம்னு அர்த்தம் இல்லை. உலோக ஆய்வகத்துல எக்ஸ்.ஆர்.எஃப். சோதனை செஞ்சாதான் நம்பலாம்.

7/ எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. சோதிக்காம அடுப்புல ஏத்தக்கூடாதுன்னு சொன்னதுக்கு அம்மா ரெண்டு நாள் பேசலை. "நாங்கள்லாம் சாப்பிடலையா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா கொஞ்சம் கொஞ்சமா சேர்ற காரீயத்துக்கு வெளியே அடையாளம் தெரியாது. இப்போதைக்கு ரசம் எவர்சில்வர்லதான்.

8/ பித்தளை, செம்புப் பாத்திரத்துக்குக் கலாய் பூசக் கொடுத்தா, சுத்த வெள்ளீயமான்னு கேளுங்க. ரேடியோ பத்தவைக்கிற சால்டர் கம்பி கூடவே கூடாது. அதுல காரீயம் இருக்கலாம்.

9/ பல வருஷமா புழங்கிட்டீங்களா? பயப்படாதீங்க, இன்னிக்கே நிறுத்துங்க. வீட்ல சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தா, இல்ல விடாத வயித்துவலி, மலச்சிக்கல், ரத்தசோகை இருந்தா, ரத்தத்துல காரீய அளவு பார்க்கணும்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. அளவு கூடுதலா இருந்தா முதல் வைத்தியமே அந்தப் பாத்திரத்தை நிறுத்தறதுதான்.

ஈயச் சொம்பு இருக்கிற வீட்டுக்கு அனுப்பி வைங்க.