ஒரு கிலோ கத்திரிக்காய் என்ன விலை?

எட்டாவது படிக்கும்போது பரீட்சையில் 'எனது பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டுரை கட்டாயம் வரும். எங்கள் வகுப்பில் 42 பேர். 42 பேருக்கும் ஒரே பொழுதுபோக்குதான். தோட்டக்கலை! ஏனென்றால் டீச்சர் போர்டில் எழுதிப் போட்டது அந்த ஒன்றைத்தான். 'என் வீட்டின் பின்புறம் ஓர் அழகிய தோட்டம் உள்ளது' என்று ஆரம்பிக்கும். எங்கள் வீட்டின் பின்புறம் அப்போது இருந்தது பக்கத்து வீட்டுக்காரரின் பாத்ரூம் சுவர். இருந்தாலும் கூச்சப்படாமல் ரோஜா, மல்லிகை, முருங்கை எல்லாம் வளர்த்து பத்துக்கு எட்டு மார்க் வாங்கினேன்.

அந்தக் கட்டுரையில் 'தோட்ட வேலை மனதிற்கு மகிழ்ச்சியைத் தருகிறது' என்று ஒரு வரி உண்டு. ஏன் தருகிறது என்று டீச்சரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போன வருஷம்தான் அந்தக் கேள்வி எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்தது.

அப்பா ஒரு தனியார் கம்பெனியில் 26 வருஷம் கணக்கு எழுதினார். போன வருஷம் மார்ச் மாதக் கணக்கை முடித்த கையோடு கம்பெனி அவர் கணக்கையும் முடித்துவிட்டது. அதன் பிறகும் தினமும் காலையில் எட்டரைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஹாலில் வந்து உட்காருவார். அவ்வளவுதான். போவதற்கு இடம் இல்லை. டிவி ஓடும். ஆனால் பார்க்கிறாரா என்று சொல்ல முடியாது. நாங்களும் ஏதாவது கேட்டு வைப்போமோ என்று பயந்து பயந்து பேசுவோம். வீட்டில் ஒருவர் பேசாமல் இருந்தால் மற்றவர்களுக்கும் பேச்சு மறந்துவிடும் என்பதை அந்த நாலு மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

ஆடி மாதம் ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போனவர் ஒரு சுரைக்காய் வாங்கி வந்தார். அம்மா அரிவாள்மனையில் வைத்தால் காய் அசையவில்லை. "ஏங்க, நகத்தை வெச்சுப் பார்த்து வாங்கக் கூடாதா? முத்திப்போய் விதையா கெடக்கு!" என்று சலித்துக்கொண்டார். அப்பா பதில் சொல்லவில்லை. குப்பைக்குப் போக இருந்த விதைகளைக் கழுவி, பேப்பரில் போட்டுக் காய வைத்தார். மூன்றாம் நாள் ஓட்டை விழுந்த ஒரு பிளாஸ்டிக் வாளி மாடிக்குப் போனது. ஆடிப்பட்டம் தேடி விதைத்தது எங்கள் குடும்ப வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

ஒரு வாரத்தில் விதை முளைத்தது. அப்பா கீழே இறங்கி வந்து "மொளச்சிருச்சு" என்றார். ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் நாங்கள் கேட்காமலே அவராகச் சொன்ன வார்த்தை.

அதற்குப் பிறகு செலவு ஆரம்பித்தது. செடிப்பைகள், தென்னை நார்க் கழிவுக் கட்டிகள், ஒரு மூட்டை மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, கத்திரி நாற்று, வெண்டை விதை, பந்தலுக்குச் சவுக்குக் குச்சி, சணல். நான் பி.காம். படிக்கிறவன். சும்மா இருக்க முடியுமா? ஒரு நோட்டில் வரவு செலவு எழுத ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் செலவு 2,640 ரூபாய். வரவு: வெண்டைக்காய் ஒன்றரை கிலோ, கத்திரிக்காய் இரண்டு கிலோ, ஆறு கட்டு கீரை. கடை விலையைப் போட்டால் 300 ரூபாய் தேறாது. எங்கள் வீட்டுக் கத்திரிக்காய் ஒரு கிலோவுக்கு ஆன செலவில் பாதாம் பருப்பே வாங்கியிருக்கலாம்.

வேலை போன வீட்டில் இது விளையாட்டான கணக்கு இல்லை. என் செமஸ்டர் பீஸை அம்மா இரண்டு வளையலை அடகு வைத்துத்தான் கட்டினார். எனக்குள்ளே கொஞ்சம் கோபம் இருந்தது. கணக்கு எழுதியே 26 வருஷம் ஓட்டிய மனுஷனுக்கு இந்த நஷ்டம் தெரியாதா?

அந்தக் கோபத்தில்தான், செடி வளர்ப்பதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் மூன்று விஷயங்கள் மனதில் நின்றன.

முதலாவது, ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஓர் ஆய்வு. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்கு வெளியே செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வீரியமான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது. சும்மா பார்த்ததற்கே இது. 46 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நாலு மாதமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அப்பா ஞாபகத்துக்கு வந்தார்.

இரண்டாவது, எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்து 1976-ல் வெளியிட்டது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் "உங்கள் காரியங்களை நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்லி, வேண்டுமென்றால் ஒரு செடியை எடுத்து நீங்களே வளர்க்கலாம் என்றார்கள். இன்னொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள். ஆனால் "நர்ஸ் தண்ணீர் ஊற்றிக்கொள்வார், உங்களுக்குக் கவலை வேண்டாம்" என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் முதல் தளத்துக்காரர்கள் அதிக சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்கள். செடி இரண்டு பக்கமும் இருந்தது, கவனியுங்கள். வித்தியாசம், முடிவும் பொறுப்பும் யார் கையில் என்பதில்தான்.

மூன்றாவது, நெல்சன் மண்டேலா. ராபன் தீவில் 18 வருஷம் இருந்த பிறகு 1982-ல் அவரைக் கேப் டவுன் பக்கத்திலுள்ள போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்குக் கிடைத்தது சிமெண்ட் மொட்டை மாடி. மண்ணே கிடையாது. 16 எண்ணெய் டிரம்களை இரண்டிரண்டாக வெட்டித் தரச் சொல்லி, அதில் மண் நிரப்பித் தோட்டம் போட்டார். வெங்காயம், முட்டைக்கோஸ், பீன்ஸ், ஏன், கத்திரிக்காய்கூட இருந்தது. ஒரு கட்டத்தில் கிட்டத்தட்ட 900 செடிகள் இருந்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். விளைந்த காய் கைதிகளின் சமையலுக்கும் போனது, காவல்காரர்கள் வீட்டுக்கும் போனது. எப்போது எழ வேண்டும், எப்போது படுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அடுத்தவன் முடிவு செய்கிற இடத்தில், அந்த டிரம்களில் எதை எப்போது விதைப்பது என்பது மட்டும் அவர் முடிவு.

இதையெல்லாம் படித்தபோது கொஞ்சம் புரிந்தது. முழுசாகப் புரிந்தது ஒரு சாயங்காலம்.

சுரைக்கொடி பந்தல் ஏறிப் பூத்துக் குலுங்கியது. ஆனால் காயே பிடிக்கவில்லை. சுரையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதலில் ஆண் பூக்கள்தான் வரும். பெண் பூவை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம், இதழுக்குக் கீழே குட்டியாக ஒரு சுரைக்காய் இருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். எங்கள் மூன்றாவது மாடி வரைக்கும் மகரந்தம் சேர்க்கப் பூச்சிகள் வரவில்லை போலிருக்கிறது. எட்டு, பத்து பிஞ்சு விழுந்துவிட்டது.

அன்றைக்கு ஆறு மணிக்கு மேல் அப்பா கூப்பிட்டார். "டேய், அந்த டார்ச்சை எடுத்துக்கிட்டு மேல வா." சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இருட்டுகிற நேரத்தில் வெள்ளை வெளேர் என்று பத்துப் பன்னிரண்டு பூ. அப்பா ஓர் ஆண் பூவைக் காம்போடு பறித்தார். இதழ்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கிழித்தார். நடுவில் இருந்த மகரந்தத் தண்டைப் பெண் பூவின் உள்ளே மெதுவாகத் தடவினார். நான் டார்ச் அடித்தேன். நர்ஸ் மாதிரி நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். :-)

"ரொம்ப அழுத்தக் கூடாது" என்றார். பிறகு, கேட்காமலே, கம்பெனியில் கடைசி நாள் என்ன நடந்தது என்று சொன்னார். கணக்குப் புத்தகங்களை ஒப்படைத்தபோது வாங்கிக்கொண்ட பையன் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். "அவன் மேல தப்பில்லை, அவனுக்கும் பயம்" என்றார். ஆறு மாதமாக வீட்டில் யாரிடமும் சொல்லாத விஷயம். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். கையில் பூ இருந்தது. கண் பூவில் இருந்தது. அதனால் சொல்ல முடிந்தது.

மூன்று நாள் கழித்து மூன்று பிஞ்சுகள் பச்சை மாறாமல் நின்றன.

கதை இங்கே சுபம் என்று முடிந்தால் நன்றாக இருக்கும். ஐப்பசி மழை பிடித்தது. மண் நனைந்து ஒரு வாசனை வந்தது. மண்ணில் இருக்கும் ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாசனைக்குப் பெரிய காரணம் என்று படித்ததை நான் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஹவுஸ் ஓனர் வந்தார். அவர் வீட்டு பெட்ரூம் கூரையில் ஈரம் படிந்திருந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பைங்களை எல்லாம் இந்த மாசக் கடைசிக்குள்ள எடுத்துருங்க."

அவர் மேல் கோபப்பட எனக்கு ஆசைதான். ஆனால் ஈரத்தை நானே போய்ப் பார்த்தேன். செடிப்பைகளைத் தரையோடு தரையாக வைத்திருந்தோம். கீழே தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. செங்கல் அடுக்கியோ ஸ்டாண்ட் போட்டோ வைத்திருக்க வேண்டும். அது எங்கள் தப்பு. அப்பாவும் வாதாடவில்லை. "காய் முத்துற வரைக்கும் பந்தல் இருக்கட்டும் சார், ரெண்டு வாரம்" என்று மட்டும் கேட்டார். ஓனர் சரி என்றார்.

இருபது நாளில் பந்தலைப் பிரித்தோம். மூன்று சுரைக்காயில் பெரியது ஓனர் வீட்டுக்குப் போனது. மொத்தம் 22 பையில் ஆறு மட்டும் சுவர் ஓரமாக, செங்கல் மேல் வைத்துக்கொள்ள அனுமதி. மிச்சப் பதினாறும் சித்தப்பா வீட்டுக்கும், தெருவில் நாலு வீட்டுக்கும் போயின. அப்பா வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுக்கும் ஒரு நடை போய் வருவார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போகிற மாதிரி முகத்தில் ஒரு சந்தேகத்தோடு போவார். "வெண்டைக்குத் தண்ணி ஊத்துறாங்களான்னு தெரியல, எல சுருண்டு கெடக்கு" என்று திரும்பி வந்து புலம்புவார். புலம்பினாலும் பேச்சு பேச்சுதானே!

தை மாதத்துக்குப் பிறகு இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. அடகு வைத்த வளையலில் ஒன்றுதான் இதுவரை திரும்பி வந்திருக்கிறது. செடி வைத்ததால் வேலை கிடைத்தது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். எட்டாம் வகுப்புக் கட்டுரையில் வேண்டுமானால் அப்படி முடிக்கலாம். ஆனால் வேலை தேடி வெளியே கிளம்பிய அப்பா, ஹாலில் உட்கார்ந்திருந்த அப்பா இல்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். மனிதர்கள் செடி வளர்ப்பது காய்க்காக இல்லை. காய் கடையிலேயே மலிவு. நாளைக்குக் காலையில் நாம் எழுந்து போகாவிட்டால் வாடிப்போகிற ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்காக. அது நம் வயதையும் சம்பளத்தையும் மார்க்கையும் கேட்பதில்லை. தண்ணீர் ஊற்றினால் நிமிரும், மறந்தால் தொங்கும். நாம் செய்ததற்கு இவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

என் வரவு செலவு நோட்டு போன மாதம் அப்பா கையில் கிடைத்துவிட்டது. மாட்டினோம் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். ஓர் இடத்தில் கூட்டல் தப்பு என்று பேனாவால் சுழித்தார். பிறகு சொன்னார்:

"கூலியைப் போடவே இல்லையேடா. அதையும் சேர்த்தா நஷ்டம் இன்னும் எங்கேயோ போவும்."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களாப்பா?"

"இருபத்தாறு வருஷம் அதானடா வேலை. நஷ்டம் தெரியாதா எனக்கு?"

சிரித்தார். இந்த ஆடிக்கும் மார்க்கெட்டிலிருந்து ஒரு முற்றின சுரைக்காய் வந்தது. நகத்தை வைத்துப் பார்த்து, உள்ளே இறங்காத காயாகத் தேடி எடுத்தாராம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாராம். அம்மா இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. விதையை மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தார்.