காவிரிக் கரையில் ஒரு நாள்

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பொழுது புலருமுன் எங்கள் பேருந்து பூண்டி மாதா பேராலயத்தின் முன் வந்து நின்றது. நாங்கள் இராமநாதபுரச் சீமையின் வானம் பார்த்த பூமியைச் சேர்ந்தவர்கள். கண்மாய் நிறைந்தால் எங்களுக்கு விளைச்சல். இல்லையேல் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுவதே பலருக்கும் பிழைப்பு. ஆண்டுதோறும் செல்லும் யாத்திரைதான் எனினும், இம்முறை அதற்குத் தனி நோக்கம் ஒன்று இருந்தது. எங்கள் பங்கின் மகளாகிய இளம் அருட்சகோதரி ஒருவர், ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியா நாட்டுக்கு மறைபரப்புப் பணிக்காகச் செல்லவிருக்கிறார். அவரை வழியனுப்புமுன், அதே பணிக்காக அயல்நாட்டிலிருந்து இங்கு வந்தோர் வாழ்ந்த மண்ணை அவருக்குக் காட்ட விரும்பினோம்.

சகோதரியின் தாயாரும் உடன் வந்திருந்தார். கூலி வேலை செய்து மகளைப் படிக்க வைத்தவர். பேருந்தை விட்டு இறங்கியதும் அருகில் வந்து, "சாமி, அந்த ஊர்ப் பாஷை இவளுக்கு வருமா? பேச ஆளில்லாமல் என் பிள்ளை தவித்துப் போகாதா?" என்று மெல்லக் கேட்டார். உடனே விடை கூற எமக்கு நா எழவில்லை. "முதலில் பூசை காண்போம், அம்மா" என்றோம்.

1999-ஆம் ஆண்டில் பேராலயமாக உயர்த்தப்பட்ட பூண்டி ஆலயத்துக்கு முதன்முதலில் அடித்தளமிட்டவர் வீரமாமுனிவரே என்பது இவ்வூர் மரபு. திருப்பலி மறையுரையில் அவரையே நினைவுகூர்ந்தோம். 1680-இல் இத்தாலி நாட்டில் பிறந்த கான்ஸ்டன்சோ பெஸ்கி, 1710-இல் இந்தியா வந்தபோது அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. முப்பது வயதில் மாணவராகி அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். அவரே பின்னாளில் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை இயற்றினார்; 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுமாறு நம் எழுத்தையே திருத்தி அமைத்தார். இன்று நம் பிள்ளைகள் 'கேள்' என்று எழுதும்போது இடும் இரட்டைச் சுழிக் கொம்பு அவர் அளித்த கொடையாகும்.

பூண்டியிலிருந்து கல்லணை நோக்கிப் புறப்பட்டோம். இரு புறமும் சம்பா நெல் பொன்னிறமாய்த் தலை சாய்ந்திருந்தது. சில வயல்களில் அறுவடை இயந்திரங்கள் இறங்கியிருந்தன. "இவ்வளவு தண்ணீரா!" என்று எங்கள் பெரியவர்கள் வாய்க்காலுக்கு வாய்க்கால் வியந்தனர். கரிகாற் சோழன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணையில், காவிரி நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் காண முடியாத ஆற்று மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தையைப் பழந்தமிழரின் இவ்வணையிலிருந்தே கற்றதாக ஒப்புக்கொண்டார். அப்பாடத்தைக் கொண்டே கோதாவரியில் தவளேஸ்வரம் அணையை எழுப்பினார். ஆள வந்த இனத்தவரும் கற்க அமர்ந்தபோதுதான் நிலைத்த பயன் விளைந்தது என்று சகோதரியிடம் கூறினோம். அவர் தம் சிறு குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டார்.

நண்பகலில் தஞ்சை சேர்ந்தோம். இராசராசன் 1010-இல் நிறைவு செய்த பெருவுடையார் கோவிலின் விமானத்தை அண்ணாந்து நோக்கி, அதனை எழுப்பியோரின் திறனுக்குத் தலைவணங்கினோம். அடுத்து, சிவகங்கைப் பூங்காவை அடுத்துள்ள சுவார்ட்ஸ் ஆலயம் சென்றோம். 1779-இல் கட்டப்பட்ட இவ்வாலயம் நம் பிரிந்த சகோதரர்களுடையது. 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய செர்மானியப் போதகர் சுவார்ட்ஸ், தமிழோடு மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி ஆகியவற்றையும் கற்றார். ஐதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டை பட்டினியால் வாடியது. முன்பு கொடுத்த நெல்லுக்குப் பணம் பெறாத உழவர்கள் அரசின் சொல்லை நம்ப மறுத்தனர். பணத்துக்குத் தாம் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் வாக்களித்த பின்னரே நெல்லும் மாடுகளும் கோட்டைக்குள் வந்தன. மக்களின் மொழியில் பேசி, பேசியபடி வாழ்ந்த ஒருவருடைய சொல்லின் மதிப்பு அது!

1798-இல் அவர் மரணப் படுக்கையில் கிடந்தபோது, அவரைக் கண்போல் பேணிய அரசர் சரபோசி அருகில் நிற்கும் காட்சியை, பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி பளிங்கில் வடித்துள்ளார். அரசர் தம் சமயத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அன்பையும் மாற்றிக்கொள்ளவில்லை. "48 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார், ஒரு முறையும் தாய்நாடு திரும்பவில்லை" என்று விளக்கினோம். அப்போது சகோதரியின் தாயார், "இவரைப் பெற்றவள் என்ன ஆனாள், சாமி?" என்று கேட்டார். வேறு எவரும் அக்கேள்வியைக் கேட்டு நாம் அறிந்ததில்லை. சுவார்ட்ஸ் சிறு குழந்தையாயிருந்தபோதே தாய் இறந்துவிட்டார் என்றும், இறக்குமுன் தம் மகனை இறைபணிக்கு ஒப்புக்கொடுத்தார் என்றும் அவர் வரலாறு கூறுவதைச் சொன்னோம். அந்த அம்மாள் பளிங்குச் சிற்பத்தை நெடுநேரம் பார்த்து நின்றார்.

மதிய உணவு விடுதியில் எங்களுக்குப் பரிமாறியவன் வடநாட்டு இளைஞன். நாங்கள் சோறும் சாம்பாரும் கேட்டோமேயன்றி, அவன் பெயரைக் கேட்கவில்லை. சகோதரி மட்டும் தமக்குத் தெரிந்த நாலு இந்திச் சொற்களைக் கூட்டி அவனுடைய ஊரையும் தாயையும் விசாரித்தார். அவன் முகம் மலர்ந்ததைக் கண்டு நாம் வெட்கினோம். மறைபரப்பு என்பது கடல் கடந்த பின்புதான் தொடங்க வேண்டுமோ?

மாலையில் திருவையாறு வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து ஏலாக்குறிச்சி அடைந்தோம். வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுப் பாடிய ஊர் இது. தேம்பாவணியில் யூதேயா நாட்டை வருணிக்க வந்தவர், தமிழ்க் காப்பிய மரபுப்படி மழையையும் ஆற்றையும் கழனியையும் பாடினார். அன்று காலை முதல் அக்கழனிகளின் நடுவே பயணம் செய்த எங்களுக்கு, அதன் பொருள் நன்கு விளங்கிற்று. அவரும் தாய்நாடு திரும்பாமலே 1747-இல் இந்திய மண்ணில் உயிர் துறந்தார்.

அடைக்கல அன்னையின் முன் செபமாலை சொன்னோம். கடைசிப் பத்து மணிகளைத் தாம் கற்றுவரும் சுவாகிலி மொழியில் சொல்லச் சகோதரி அனுமதி கேட்டார். சொற்கள் தடுமாறின, இருமுறை நிறுத்தித் திருத்திக்கொண்டார். ஒவ்வொரு மணிக்கும் அவர் தாயார் தமிழில் மறுமொழி கூறினார். நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

பேருந்தில் ஏறும்போது அந்த அம்மாள் எம்மிடம், "பாஷை வந்துவிடும், சாமி. தவிப்பு இருக்கத்தான் செய்யும். அதை மாதா பார்த்துக்கொள்வாள்" என்றார். காலையில் நாம் கூற முடியாத விடையை அவரே கூறிவிட்டார்.

வாசகக் குடும்பங்களே, உங்கள் மாலைச் செபத்தில் அம்மகளுக்காக ஓர் அருள் நிறை மந்திரம் சொல்லுங்கள். அவரை அனுப்பிவிட்டு வீட்டில் தனித்திருக்கும் அத்தாய்க்காக இன்னொன்று சொல்லுங்கள்.