கண்ணாடிச் சில்லு

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, உடைந்த தம்ளரின் சில்லுகளைக் காய்கறித் தோலுடன் ஒரே பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்பதே காரணம். வண்டியோடு வந்த அக்கா மக்கும் குப்பையைப் பிரிக்கப் பைக்குள் கையை விட்டார். உள்ளங்கை கிழிந்து இரத்தம் வடிந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "கண்ணாடின்னா காகிதத்துல சுத்தித் தனியாக் குடு பாப்பா" என்று மட்டும் சொன்னார். அம்மா ஓடிவந்து கையைக் கழுவித் துணி கட்டினார். எனக்குத்தான் பேச்சே வரவில்லை.

அவர் பிரிக்காமல் விட்டால் அது பெருங்குடிக் கிடங்குக்குப் போகும் என்று அன்று மாலை அப்பா விளக்கினார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய கிடங்கு அது. காற்றுப் புகாத குவியலுக்குள் சோறும் தோலும் அழுகினால் எளிதில் தீப்பற்றும் மீத்தேன் வாயு உண்டாகுமாம். 2022 ஏப்ரல் இறுதியில் அங்கே பிடித்த தீ பல நாள் எரிந்தது. புகையில் பாட்டி இருமியபோது கிடங்கின் மேல் கோபம் கொண்டேனே தவிர, எங்கள் வீட்டுச் சோறும் அங்கே கிடக்கும் என்று நினைக்கவில்லை. பழைய குவியலைத் தோண்டி, இயந்திரத்தில் சலித்து, மண் வேறு பிளாஸ்டிக் வேறாகப் பிரித்தார்கள். அடுக்களையில் ஒரு நிமிட வேலை!

இப்போது எங்கள் வீட்டில் மூன்று கூடைகள். தம்பிதான் அடிக்கடி மாற்றிப் போடுகிறான். அக்காவின் உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. பையை நீட்டும்போது என் கண் அங்கேதான் போகிறது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி