அளவறிதல்

சாளர நிலைக்கும் சுவருக்கும் இடையேயுள்ள வெடிப்பை மறைக்க, உட்புறத்தே தேக்கு ஓரச்சட்டம் பொருத்த விரும்பினேன். ஒரு சாளரத்தை மட்டும் அளந்து, நான்கிற்கும் அவ்வளவே எனத் தச்சரிடம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு சாளரங்களுக்குச் சட்டம் அரை அங்குலம் குறைந்தது. நீண்டதை அறுக்கலாம், குறைந்ததை நீட்டல் இயலுமோ?

தச்சர் என்னைக் கடிந்திலர். "ஐயா, ஒவ்வொரு சாளரத்தின் அகலத்தையும் மேல், நடு, கீழ் என மூவிடத்தும் அளத்தல் வேண்டும். மூலைக்கு மூலை இரு குறுக்களவும் ஒத்திருத்தல் வேண்டும்; இன்றேல் 45 பாகையில் சாய்த்தறுத்த சட்டங்கள் கூடா" என்றார்.

40 ஆண்டுகள் மாணாக்கரை அளந்த என் நெஞ்சு துணுக்குற்றது. தமையனைக் கண்டு தம்பியை மதிப்பிட்ட நாள்கள் எத்துணை! மாணவர்களே, ஒன்றை அளந்து மற்றதை ஊகித்தல் அளவன்று.