தைமாதக் களப்பு

எமது வினாயகபுரம் திருக்கோவிலுக்குத் தெற்கே, அக்கரைப்பற்று – பொத்துவில் வீதியில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் வயலும் களப்பும். விறகுக்கும் இறாலுக்கும் போன களப்புக்கரைக்கு இப்போது நான் குருவி பார்க்கவும் போகிறேன். சொன்னால் சிரிக்கிறார்கள். தனித்த பொம்பிளைக்கு விடியப்புறத்தில் அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு.

ஐப்பசியில் ஆறுமணிக் குருவி இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்துவிடும். விடியலிலும் மைம்மலிலும் பற்றைக்குள் இருந்து கூப்பிடும். 2009க்கு முந்திய வருடங்களில் மைம்மலில் அது கூப்பிட்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவோம். அது பச்சையும் நீலமும், அடிவயிற்றில் சிவப்புமாக அவ்வளவு வடிவான குருவி என்பது அப்போது எனக்குத் தெரியாது. குரலை மட்டுந்தான் தெரியும்.

ஆள்காட்டி இன்னும் மோசம். அது எங்கும் போகாத ஊர்க் குருவி. இரவில் யாராவது நடந்தால் கத்திக்கொண்டு எழும்பும். வருவது யாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறோம். இன்றும் அந்தச் சத்தத்துக்கு என் நெஞ்சு ஒருதரம் இடிக்கும். ஆனால் இப்போது அது என்னைக் கண்டுதான் கத்துகிறது.

தை மாதத்தில் மழை ஓய்ந்து தண்ணீர் வற்றத் தொடங்கும். சேறு தெரியும் ஓரங்களில் உள்ளான்கள் ஓடித் திரியும். அவற்றுள் சின்ன உள்ளான் கோழிமுட்டையை விடப் பாரம் குறைந்தது. ரஷ்யாவின் வடகோடியில், மரமே வளராத குளிர்நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிறது. ஊசிவால் தாராக்கள் நடுத்தண்ணீரில் மிதக்கும். 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். நான் எண்ணுவது பிள்ளையின் பழைய கொப்பியில், எனக்காக மட்டும்.

போன தையில், பன் வெட்ட வந்த அக்கரைப்பற்று ராத்தா ஒருவர் "என்ன தங்கச்சி, எதைத் தொலைச்சிட்டீங்க?" என்று கேட்டார்.

"குருவி பாக்கன் ராத்தா."

அவரும் பக்கத்தில் குந்திக்கொண்டார். ரஷ்யாவிலிருந்து வரும் கதையைச் சொன்னேன். "ஏஜென்சிக்குக் காசு கட்டாமலா?" என்றார். குவைத்தில் நாலு வருடம் வீட்டுவேலை செய்தவர்.

கடற்கரைக் குருவிகள் என் கொப்பியில் இல்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அலையைப் பார்த்து நிற்க என்னால் முடிவதில்லை. ஆலாக்கள் அந்தப் பக்கம் பறந்தால் கொப்பியை மூடிவிடுவேன். அதையும் ராத்தாவிடம் சொன்னேன். தன் வீட்டிலும் மூன்று பேர் போனதாகச் சொன்னார். வருகிற தையில் தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.