முந்தின வசனம்

அவிநாசி – கோவை ரோட்டில் பின்கண்ணாடியில் வசனம் ஒட்டிய வண்டிகளைக் கவனித்துக்கொண்டு வருவது என் பழக்கம். 23ஆம் சங்கீதத்துக்கு அடுத்தபடியாக அதிகம் கண்ணில் படுவது எரேமியா 29:11. தேவன் நமக்காக நல்ல திட்டம் வைத்திருக்கிறார், முடிவு நன்றாக இருக்கும் என்கிற பொருளில் வரும் வசனம். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, புது லாரியின் நெற்றி, எங்கும் அதுதான். அதற்கு முந்தின வசனத்தை யாரும் ஒட்டிப் பார்த்ததில்லை. பத்தாவது வசனம் எழுபது வருடம் என்கிறது. பாபிலோனில் எழுபது வருடம் கழிந்த பிறகுதான் ஊர் திரும்புதல். இந்த வசனங்கள் உள்ள எரேமியாவின் கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் நாற்பது வயதுக்காரர் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை.

அதற்கும் முந்தின அதிகாரம் இன்னும் சுவாரஸ்யம். அனனியா என்றொரு தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் எழுந்து, எல்லாம் இரண்டே வருடத்தில் சரியாகிவிடும் என்கிறான். பாபிலோனுக்கு அடிமைப்படுவதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். ஜனங்களுக்கு எவ்வளவு உற்சாகமாக இருந்திருக்கும்! இன்றைக்கு இருந்தால் அவனுக்குத்தான் பெரிய மைதானம், எல்ஈடி திரை. எரேமியா உடனே சண்டைக்குப் போகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஆமென், அப்படியே ஆகட்டும் என்று முதலில் சொல்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இருப்பது வேறு: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இருக்கிற ஊர் நன்றாக இருக்க ஜெபியுங்கள்.

அவிநாசிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் தனிப் பிரசங்கம் தேவையில்லை. அத்திக்கடவுத் தண்ணீருக்கு எத்தனை மனு, எத்தனை உண்ணாவிரதம், எத்தனை தேர்தல் வாக்குறுதி! 2019இல் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17இல் தொடக்க விழா. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீர் ஒன்றரை டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிறார்கள். முதலில் கேட்டவர்களில் பலர் அதைக் காணாமலே மண்ணுக்குப் போனார்கள். அவர்கள் கேட்டதை வீண் என்று இங்கே யாரும் சொல்வதில்லை.

புத்தாண்டு ஆராதனைக்கு வாக்குத்தத்த அட்டைகளை வெட்டி எழுதும் வேலை இந்த முறை எனக்கு வந்தது. 29:10ஐயும் ஒரு அட்டையில் எழுதிப் போடட்டுமா என்று ஆயரைக் கேட்டேன். “போடுங்க. ஆனா அது யாரு கைக்கு வருதோ, அவங்க வீட்டுக்கு நீங்கதான் போய்ச் சமாதானம் சொல்லோணும்” என்றார். போடவில்லை.

*

‘பயப்படாதே’ என்று வேதத்தில் 365 இடங்களில் இருக்கிறது, நாளுக்கு ஒன்று என்பதை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டாயிற்று. கன்கார்டன்ஸை எடுத்து எண்ணினால் அதன் பக்கத்தில்கூட வராது. லீப் வருடத்துக்கு என்ன செய்வது என்று ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. மார்ச் ஒன்றாம் தேதி வரைக்கும் பயந்துகொள்ளலாம் என்று இன்னொருவன் பதில் சொன்னான்.

*

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு, திருப்பூரைச் சுற்றிய ஊர்களில் சனிக்கிழமைச் சம்பளம் மெலிந்தது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்களுக்கு ஒரு ஷிப்டே சந்தேகம். பனியன் கம்பெனி வேலையை நம்பித்தான் எங்கள் சபையில் பாதிக் குடும்பங்கள்: டெய்லர், செக்கிங், கைமடி, அயர்ன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கூட்டம் கூடியது, குறிப்புச் சீட்டுகளும் கூடின. எல்லாச் சீட்டிலும் ‘ஆர்டர்’ என்ற சொல் இருந்தது.

சாட்சி நேரத்துக்கு ஒரு எழுதாத விதி உண்டு. காரியம் முடிந்தவர்களுக்கே மைக். கடன் அடைந்தது, கட்டி கரைந்தது, விசா வந்தது. காரியம் முடியாதவர்கள் பாயில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டில் எனக்கு ரொம்ப நாளாகவே உடன்பாடில்லை. காத்திருப்பவர்களுக்கு, தங்கள் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று படும்.

அப்படியொரு வெள்ளிக்கிழமை கைமடி வேலை பார்க்கும் ஓர் அக்கா எழுந்து மைக்கை வாங்கினார். “எனக்கு இன்னும் ஒன்னும் நடக்கலீங்க. வாரத்துல மூணு நாளுதான் வேலை. பையனுக்கு பீஸ் கட்டோணும். வூட்ல இருந்தா அழுவேன்னு இங்க வந்துட்டேன். ஸ்தோத்திரமுங்க” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு எந்தப் பாட்டை எடுப்பதென்று தெரியவில்லை. வழக்கமான வெற்றிப் பாட்டுக்கு விரலை வைத்தவன் எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு நாலைந்து பேர் எழுந்தார்கள். எல்லாருமே காரியம் முடியாதவர்கள். கூட்டம் முடிந்து தேங்காய்ப் பன்னும் டீயும் கொடுக்கும்போது அந்த அக்காவைச் சுற்றி ஆட்கள். ஒருவர் தனக்குத் தெரிந்த உள்நாட்டு ஆர்டர் எடுக்கும் கம்பெனியின் சூப்பர்வைசர் நம்பரைக் கொடுத்தார். கட்ட வேண்டியது எவ்வளவு என்று இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

*

காலையில் செல்போனைத் திறந்தால் ஏழெட்டுக் குழுக்களில் அன்றைய வசனம், ரோஜாப் பூவோடு. இந்த வழக்கத்தின் பழைய வடிவம் ஜெர்மனியில் இருக்கிறது. ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் 1728ஆம் ஆண்டு பிரபு சின்சென்டார்ஃப் ஒரு மாலை ஆராதனையில் மறுநாளுக்கென்று ஒரு வாக்கியம் கொடுத்தார். மறுநாள் காலை ஒருவர் ஊரில் இருந்த 32 வீடுகளுக்கும் நடந்துபோய் அதைச் சொல்லிவிட்டு வந்தார். அது தினசரி வழக்கமாகி, 1731இலிருந்து புத்தகமாக அச்சாகி இன்றுவரை வருகிறது. மொரேவியர் என்று அழைக்கப்பட்ட அந்தச் சபையாரில் சிலர் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள்.

அச்சாவதற்கு முந்தின அந்த இரண்டு மூன்று வருடங்களைத்தான் நான் யோசிப்பது. வசனத்தைக் கொண்டுபோகிறவனுக்கு எந்த வீட்டில் அடுப்பு புகையவில்லை, எந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது காலை ஏழு மணிக்கே தெரிந்திருக்கும். ரோஜாப் பூவுக்கு அது தெரியாது.

*

சோமனூர்ப் பக்கம் போனால் கருமத்தம்பட்டி செபமாலை மாதா கோவிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். நான் சிஎஸ்ஐ. என் சித்தி வாழ்க்கைப்பட்டது கத்தோலிக்கக் குடும்பத்தில், அதனால் சிறு வயதிலிருந்தே அக்டோபர் தேர்த் திருவிழா பழக்கம். பதினேழாம் நூற்றாண்டிலேயே சேசு சபையார் வேர் ஊன்றிய இடம். இடிபட்டும் எரிபட்டும் திரும்பத் திரும்பக் கட்டப்பட்ட கோவில் என்று ஊரில் சொல்வார்கள்.

இங்கேதான் 1846 அக்டோபர் 4 அன்று மெல்ஷியோர் தெ மரியோன் பிரெசியாக் என்ற பிரெஞ்சுக்காரருக்கு ஆயர் பட்டம் கொடுத்தார்கள். வயது 32. 1842இல் புதுச்சேரிக்கு வந்து இறங்கியவர். உள்ளூர்ப் பிள்ளைகளைக் குருக்களாக்கி, திருச்சபையை அவர்கள் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தக் காலத்தில் கூட வேலை செய்த வெள்ளைக்கார குருக்கள் பலருக்கே அது ருசிக்கவில்லை. அதோடு சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி அவருடைய மனசாட்சியைத் தின்றது. ரோமுக்கு எழுதினார், தெளிவான பதில் வரவில்லை. 1850இல் கோவை தனி மறைவட்டமானபோது அதன் தலைவர் அவர்தான். நாலு வருடத்தில் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்.

நம்முடைய சாட்சிக் கணக்கில் இது தோல்வி. மிச்சமும் அப்படித்தான். 1856இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் போய் இறங்கியபோது ஊரெல்லாம் மஞ்சள் காய்ச்சல். ஆறு வாரத்தில், ஜூன் 25 அன்று, 45 வயதில் போய்விட்டார். கூட வந்தவர்களில் பெரும்பாலோரும் அதே காய்ச்சலில் போனார்கள். அவருடைய தியானக் குறிப்புகளும் நாட்குறிப்புகளும் பின்னால் அச்சில் வந்தன. தன்னையே சந்தேகித்துக்கொண்டு, ஆனாலும் மறுநாள் வேலைக்கு எழுந்துபோன ஒரு மனிதர் அவற்றில் தெரிகிறார். 2020இல் போப் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். அவர் தொடங்கிய சபை இன்றும் ஆப்பிரிக்காவில் வேலை செய்கிறது. இதை வைத்து ‘பார்த்தீர்களா, கடைசியில் ஜெயித்தார்’ என்று முடிக்கலாம்தான். ஃப்ரீடவுனில் படுத்திருந்தவருக்கு அது எதுவும் தெரியாது.

*

பக்கத்து வீட்டு ஆத்தா அவிநாசியப்பர் தேருக்கு வடம் பிடிப்பார், கருமத்தம்பட்டிக்கு மெழுகுவத்தியும் கொடுத்தனுப்புவார். ஒருநாள் லாசரு கதையைச் சொன்னேன், நாலாம் நாள் கல்லறையிலிருந்து எழுந்து வந்தது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட ஊரில் பிறந்தவர், அசரவே இல்லை. “எங்கூர்லயும் ஒன்னு நடந்திருக்குதுங்களே. அந்தப் புள்ளையப் பெத்தவ அத்தனை வருசம் என்ன பண்டிட்டு இருந்தான்னு யாராச்சும் சொல்றாங்களா?” என்றார். லாசருவின் சகோதரி மார்த்தாளைப் பற்றி வேதத்தில் இருக்கிறது என்றேன். அதை முதலில் சொல்லக் கூடாதா என்று கடிந்துகொண்டார்.

*

நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. பேச ஆரம்பித்ததும்தான் வினை.

தோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1931இல் தவறி விழுந்து, 1951இல் சாகும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதும் ஆறுதல் துண்டுப் பிரதிகள் அவருக்கு எரிச்சலூட்டின. அதனால் வலியில் இருப்பவர் வலியில் இருப்பவர்களுக்கு எழுதும் கடிதங்களாகத் தாமே எழுதினார். 1933இல் அவை புத்தகமாக வந்தன.

டயாலிசிஸுக்குப் போய்வரும் நண்பர் ஒருவருக்கு, போகும்போதெல்லாம் நான் 91ஆம் சங்கீதம் வாசிப்பேன். போன வாரம் அவரே 88ஐ வாசிக்கச் சொன்னார். நம்பிக்கையின் பக்கம் திரும்பாமலே, இருட்டில் போய் முடிகிற சங்கீதம். காலண்டர் அச்சடிப்பவர்கள் தொடாதது. வாசித்து முடித்ததும், “இந்தாளு நம்மாளுங்க. இன்னொருக்கா படிங்க” என்றார். படித்தேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நூல் விலையைப் பற்றிப் பேசினார். விசைத்தறிக் கூலி உயர்வை யாரும் ஒழுங்காகக் கொடுப்பதில்லை என்று திட்டினார். அடுத்த முறை வரும்போது மருந்துக் கடை சீட்டையும் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை, காலை ஆறரைக்கு.